கார்டு வீட்டுக்கு, கணக்கு ஊருக்கு

ரேஷன் கடையில் சர்க்கரையும் பருப்பும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார் ஒரு குடும்பத் தலைவி. வீட்டை எட்டுவதற்குள் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. அரிசியும் வாங்கியதாக அதில் இருக்கிறது. இந்தச் செய்தியைப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. பார்ப்பவர்களும், "நாமதான் அந்த அரிசி வாங்கறதில்லையே, போனாப் போகுது" என்று விட்டுவிடுகிறார்கள்.

போகிற அரிசி எங்கே போகிறது என்று கொங்கு மண்டலம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனென்றால், அந்த 'போனாப் போகுது' ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஆயிரம் வீடுகளில் அதே சொல் விழும்போது, அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழகம் கட்டிக்காத்த ஓர் ஏற்பாட்டின் அடித்தளம் அரிக்கப்படுகிறது.

எல்லோருக்குமான அரிசி

1967இல் ஆட்சிக்கு வந்த அண்ணா, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்துகொண்ட நகரங்கள் இரண்டு: ஒன்று சென்னை, மற்றொன்று கோவை. பஞ்சாலைத் தொழிலாளர்களின் ஊரான கோவைக்கு, சம்பளத்தில் பாதி அரிசிக்கே போனால் வாழ்க்கை என்னவாகும் என்பது அப்போதே தெரியும். நிதிச்சுமையால் அந்தத் திட்டம் நீடிக்கவில்லை. ஆனாலும், அரிசி கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்ற எண்ணம் தமிழக அரசியலில் வேரூன்றிவிட்டது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. 2007இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பும் பாமாயிலும் மானிய விலையில் வந்தன. 2008இல் கிலோ ஒரு ரூபாயான அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியானது. கட்சிகள் மாறின, அரிசி நிற்கவில்லை.

இதில் தமிழகத்தின் தனித்தன்மை ஒன்று உண்டு. 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்து, பொது விநியோகத்தை ஏழைகளுக்கு மட்டும் குறுக்கியபோது தமிழகம் அதை ஏற்கவில்லை. அதுவரை எல்லோருக்கும் வலுவாக ரேஷன் வழங்கிவந்த அண்டை மாநிலமான கேரளத்தில், அந்த மாற்றத்துக்குப் பிறகு நடுத்தர வர்க்கம் ரேஷன் கடையிலிருந்து விலகியது. விற்பனை சரிந்தது, பல கடைகள் தள்ளாடின. வசதியுள்ளவரும் வரிசையில் நின்றால்தான் கடையில் தரம் பற்றிக் கேள்வி எழும் என்பதும், ஏழைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட கடை கேட்பாரற்றுப் போகும் என்பதும் பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் நாம் கண்ட பாடம்.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழகம் 2016 நவம்பரில்தான் நடைமுறைப்படுத்தியது. அப்போதும் எல்லோருக்கும் வழங்கும் முறையைக் கைவிடவில்லை. அந்தச் சட்டத்தின்கீழ் உணவு தானிய உரிமை பெறுவோர் தமிழக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர்தான். மீதிப் பாதிக்கான பொறுப்பை மாநிலம் தன் கருவூலத்திலிருந்து ஏற்கிறது. இன்று மாநிலத்தில் 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்டுகள் இருக்கின்றன. உணவு மானியத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவாகிறது. இந்திய உணவுக் கழகத்தின் கணக்குப்படி, ஒரு கிலோ அரிசியைக் கொள்முதல் செய்து, சேமித்து, கொண்டுவந்து சேர்க்க ஏறத்தாழ 40 ரூபாய் ஆகிறது. நாம் விலை கொடுக்காமல் வாங்கினாலும் அந்த அரிசிக்கு விலை உண்டு. தஞ்சை வயலில் இறங்கியவரும், தீப்பெட்டி வாங்கும்போதுகூட வரி கட்டுகிறவரும் சேர்ந்து கொடுத்த விலை அது.

வாளையார் வழி

கோவை மாவட்டம் கேரளத்தோடு நீண்ட எல்லையைப் பகிர்ந்துகொள்கிறது. வாளையார், வேலந்தாவளம், ஆனைகட்டி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனச் சோதனைச்சாவடிகள் இருக்கின்றன; அவற்றுக்கு இடையில் தென்னந்தோப்புகளுக்குள் நுழைந்து போகும் மண்தடங்களும் இருக்கின்றன. குடிமைப்பொருள் வழங்கல் குற்றப் புலனாய்வுத் துறையினர் காரிலும் வேனிலும் இரு சக்கர வாகனத்திலும் ரேஷன் அரிசியைப் பிடித்த செய்தி கோவை வாசகர்களுக்குப் புதியதல்ல. வீடு வீடாகக் கிலோ சில ரூபாய்க்கு வாங்குகிறார்கள். ஓரிடத்தில் சேர்க்கிறார்கள். பட்டை தீட்டி, சாக்கு மாற்றி, வெளிச்சந்தை அரிசியாக விற்கிறார்கள். எல்லை தாண்டாமல் இங்கேயே மாவுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும் அரிசியும் உண்டு.

1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டப்படி இது மூன்று மாதம் முதல் ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 1980ஆம் ஆண்டின் கள்ளச்சந்தைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், விசாரணை இல்லாமலே ஆறு மாதம் வரை காவலில் வைக்க இடமிருக்கிறது. சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிடிபடுகிறவர் பெரும்பாலும் வண்டி ஓட்டியவர். அரிசியைச் சேர்த்துத் தந்த சங்கிலியின் முதல் கண்ணி நம் திண்ணையில் இருக்கிறது.

"எங்க வீட்ல யாரும் அந்த அரிசி திங்கறதில்லீங்க. சும்மா போறத எடுத்துக் குடுத்தா என்னங்க தப்பு?" என்று கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். கடைக்கு வந்த அரிசி தங்களுக்குரியது, அதை என்ன செய்வதும் தங்கள் விருப்பம் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைத்தான் நாம் பேசித் திருத்த வேண்டும். கார்டு தரும் உரிமை, சமைத்து உண்பதற்கானது, விற்பதற்கானது அன்று. வாங்காமல் விட்ட அரிசி கடை இருப்பில் நின்றால், அடுத்த மாத ஒதுக்கீடு அதற்கேற்பக் குறையும். அரசின் பணம் மிஞ்சும். வாங்கியதாக எழுதப்பட்டால், தேவை இருப்பதாகவே கணக்கு சொல்லும். பொய்க் கணக்குக்குப் பொது நிதியிலிருந்து மாதந்தோறும் அரிசி வந்துகொண்டே இருக்கும்.

இரு தரப்பும் ஒப்பும் இடம்

இதைப் பேசத் தொடங்கினால் இரண்டு குரல்கள் எழுகின்றன. "கார் வைத்திருப்பவருக்கு எதற்கு இலவச அரிசி? தேவையுள்ளவருக்கு மட்டும் கொடுத்தால் கடத்தல் தானே நிற்கும்" என்பது ஒன்று. "கடத்தலைப் பற்றிப் பேசினாலே, ஏழைகளின் கார்டைப் பறிக்கத்தான் அது வழிவகுக்கும்" என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. முதல் குரலில் வரிப்பணத்தின் மீதான அக்கறை இருக்கிறது. இரண்டாவதில் ஆட்களைச் சல்லடையிட்டால் முதலில் விழுவது எளியவர்கள்தான் என்ற அனுபவம் இருக்கிறது.

2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தபோது, ஆதாருடன் இணைக்காததால் அந்தக் குடும்பத்தின் கார்டு நீக்கப்பட்டிருந்தது நாட்டையே உலுக்கியது. பட்டினிச் சாவு என்று குடும்பம் சொன்னது, அரசு மறுத்தது. அந்த வீட்டுக்கு ரேஷன் நின்றுபோயிருந்தது என்பதே நாம் நடுங்கப் போதுமானது. தேவையற்றவரை நீக்கும் வேகத்தில் தேவையுள்ளவர் ஒருவர் விடுபட்டாலும், அதற்கு எந்தச் சேமிப்பும் ஈடாகாது.

ஆகவே இரு தரப்பும் ஒப்பக்கூடிய ஒன்றை முன்வைக்கிறோம். கார்டு எல்லோருக்கும் இருக்கட்டும். அதன் கணக்கு உண்மையாக இருக்கட்டும். வாங்கியவர் பெயரில் மட்டும் பில் விழட்டும். வேண்டாதவர் வேண்டாம் என்று விடட்டும். வேண்டுபவருக்குத் தடையின்றிக் கிடைக்கட்டும். எல்லோருக்குமான ரேஷன் நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்குத்தான் இதில் கூடுதல் பொறுப்பு. அதை நிறுத்தச் சொல்பவர்களின் கையில் இருக்கும் வலுவான காரணம், வாளையாரில் பிடிபடும் ஒவ்வொரு மூட்டைதான்.

வீட்டின் பங்கு

2017 ஏப்ரல் முதல் பழைய அட்டைப் புத்தகம் போய், மின்னணுக் குடும்ப அட்டை வந்தது. 2020 அக்டோபரில் கைரேகைப் பதிவும் வந்தது. கார்டு இருந்தால் போதும் என்ற நிலை மாறி, குடும்பத்தில் ஒருவர் நேரில் வந்தாக வேண்டும் என்றானது. போலிக் கார்டுகள் இதனால் பெரிதும் ஒழிந்தன. ஆனால் ரேகை வைத்தவர் முன்னாலேயே, அவர் கேட்காத பொருளுக்கும் சேர்த்து பில் போடுவதை எந்தக் கருவியும் தடுக்காது. அதைத் தடுக்கக்கூடியவர் ரேகை வைத்தவர் மட்டுமே.

எனவே முதல் வேலை குறுஞ்செய்தியைப் படிப்பது. அது வருவதற்கு, கார்டில் பதிவான கைபேசி எண் நம்முடையதாக இருக்க வேண்டும். பழைய எண்ணைக் கைவிட்ட பலர், கார்டில் அதை மாற்றுவதில்லை. விண்ணப்பித்துக் கொடுத்த இடைத்தரகரின் எண்ணே இன்னும் பல கார்டுகளில் இருக்கலாம். பொது விநியோகத் துறையின் இணையதளத்தில் நுழைய, பதிவான எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்தான் சாவி. அந்த எண் யாரிடம் இருக்கிறதோ, அவரால் நம் குடும்ப விவரத்தையே பார்க்க முடியும். வட்ட வழங்கல் அலுவலகத்தில் எண்ணை மாற்றிக்கொள்ளலாம். "ரேஷன் கார்டு ரத்தாகப் போகிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு இளையவர்கள் எடுத்துச்சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் உணவு உதவி ஒரு காந்தப்பட்டை அட்டையில் பணமாக ஏற்றப்படுகிறது. கடைகளின் கருவிகளில் ரகசியமாகப் பொருத்திய திருட்டுச் சாதனங்களால் அந்த அட்டைகள் நகலெடுக்கப்பட்டு, ஏழைக் குடும்பங்களின் மாதப் பணம் ஒரே இரவில் காணாமல் போனது. திருடுபோனதை ஈடுசெய்ய வழங்கப்பட்ட மத்திய நிதியும் 2024 டிசம்பரோடு நின்றது. நம் கார்டில் பணம் இல்லாததால் அப்படித் திருட முடியாது. ஆனால் அங்கே திருடு போனவருக்கு மறுநாளே தெரிந்துவிடும், வயிறு சொல்லிவிடும். இங்கே வேண்டாத அரிசி போனால் யாருக்கும் வலிப்பதில்லை. வலிக்காத திருட்டு என்பதால்தான் விழிப்பு கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அடுத்தது, கார்டில் உள்ள பெயர்கள். இறந்தவர், மணமாகி வேறு வீடு போனவர் பெயரை நீக்குவதும், பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்ப்பதும் நம் பொறுப்பு. முன்னுரிமைக் கார்டு, அந்த்யோதயா கார்டுகளில் உள்ள ஒவ்வொருவரும் தாம் இருப்பதை ரேகையாலோ கருவிழியாலோ உறுதிசெய்ய வேண்டும் என்று மத்திய அரசு கேட்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் போன பிள்ளைகள் இருக்கும் ஊரிலேயே ரேஷன் கடையில் பதியலாம். தள்ளிப்போட்டால் அவர்கள் பங்கு நிற்கக்கூடும்.

கார்டைக் கைமாற்றுக் கடனுக்கு ஈடாக வைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அந்த்யோதயா கார்டுக்கு மாதம் 35 கிலோ அரிசி. கூலி வேலையில் இருக்கும் குடும்பத்துக்கு அது பாதி மாதச் சோறு. அதை ஈடாக வாங்கி வைத்துக்கொள்பவர் அந்த வீட்டின் அடுப்பையே வாங்கி வைத்துக்கொள்கிறார். கார்டைக் கடைக்காரரே வைத்துக்கொள்வதும் விதிகளுக்கு முரண். கார்டு தொலைந்தால் உரிமை தொலைவதில்லை. விவரம் அரசின் கணக்கில் இருக்கிறது. நகல் அட்டைக்கு இணையத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பிக்கலாம்.

ரேகை விழாத கைகள்

உண்மையான கணக்கு வேண்டும் என்று கேட்கும் நாம், அதே குரலில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கணபதியிலும் பீளமேட்டிலும் வார்ப்பட ஆலைகளில் மணலோடு உழைத்தவர், சோமனூரில் விசைத்தறி ஓட்டியவர், வால்பாறையில் தேயிலை பறித்தவர், கட்டட வேலையில் சிமெண்ட் கலந்தவர் ஆகியோரின் விரல்களில் ரேகை தேய்ந்துபோவது உழைப்பின் விளைவு. "ரேகை விழலைங்கம்மா, நாளைக்கு வாங்க" என்று அவர்களைத் திருப்பி அனுப்பினால், அந்த நாளின் கூலியும் போகும், அரிசியும் கிடைக்காது. கருவிழிக் கருவி ஒவ்வொரு கடையிலும் வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். சர்வர் நின்றால் என்ன செய்வது என்பதற்கான மாற்று வழி கடைச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கடைக்கு வர முடியாத முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தங்கள் சார்பில் ஒருவரை எழுதிக் கொடுத்து நியமிக்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுபோகும் ஏற்பாடு வந்தது. தனியாக இருக்கும் அப்புச்சிக்கும் அம்மிச்சிக்கும் இது தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பது அரசின் வேலை மட்டும் என்று இருந்துவிட முடியாது. அடுத்த வீட்டில் இருப்பவர்கள் நாம்தான். ஆனைகட்டி மலையோர இருளர் பதிகளிலும் ஆனைமலைக் காடர், மலசர் குடியிருப்புகளிலும் பொருள் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால்தான் பாதிக் கூலியை இழக்காமல் வந்து வாங்க முடியும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களையும் நினைக்க வேண்டும். 2020 ஊரடங்கில் திருப்பூரிலும் கோவையிலும் சிக்கிக்கொண்ட ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் கார்டு ஊரில் இருந்தது. பசி இங்கே இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு' திட்டத்தில் சேர்ந்தது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கார்டு வைத்திருப்பவர் இங்கேயே தன் பங்கு தானியத்தை வாங்கலாம். ஊரில் இருக்கும் குடும்பம் மீதியை அங்கே வாங்கலாம். பின்னலாடை நிறுவனங்களும் பம்ப் தொழிற்சாலைகளும் பணியில் சேரும் நாளிலேயே இதைத் தொழிலாளியின் மொழியில் சொல்லிவிட்டால் போதும். நம் ஊர்த் தொழில் அவர்களின் கைகளில் ஓடுகிறது. அவர்களின் பங்கு அரிசியைப் பெற உதவுவது நன்றிக்கடன்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம்

கடை ஊழியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. கிடங்கிலிருந்து வரும் மூட்டையில் எடை குறைவாக இருக்கிறது என்பது அவர்களின் நெடுநாள் குறை. இறங்கும்போதே எடை போட்டுத் தராவிட்டால், அந்தக் குறையை அவர் எங்கே ஈடுகட்டுவார்? வாடிக்கையாளரின் தராசில்தான். ஒரே ஊழியர் இரண்டு கடை பார்ப்பதும், ஆளில்லாமல் எடையாளர் வேலையையும் விற்பனையாளரே செய்வதும் நடக்கிறது. சரியான எடையோடு மூட்டை வந்து, முழுநேர ஆளும் இருந்து, அதன் பிறகும் பில்லில் பொய் இருந்தால் தண்டிப்பதில் நியாயம் இருக்கும். கேட்காத பொருளை வாங்கச் சொல்லி மேலிருந்து வற்புறுத்துவதும் நிற்க வேண்டும்.

கண்காணிப்புக்குச் சட்டம் ஏற்கெனவே வழி காட்டியிருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு விநியோகப் பதிவேடுகளைப் பொதுப் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. 28ஆம் பிரிவு சமூகத் தணிக்கையையும், 29ஆம் பிரிவு மாநிலம் முதல் கடை வரையிலான கண்காணிப்புக் குழுக்களையும் கோருகின்றன. கிராமசபையிலும் மாநகராட்சியின் பகுதி சபையிலும் 'இந்த மாதம் கடைக்கு வந்தது இவ்வளவு, விற்றது இவ்வளவு, இருப்பது இவ்வளவு' என்று வாசிக்கச் சொல்லி நாம் கேட்டால் போதும். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் பொது விநியோகக் குறைதீர் முகாமுக்குத் தனி மனுவோடு ஒருவர் போவதைவிட, தெருவில் பத்துப் பேர் சேர்ந்து போவது பலன் தரும். 1967 என்ற இலவச எண்ணிலும் புகார் சொல்லலாம்.

அத்திக்கடவு – அவிநாசித் திட்டத்துக்காகத் தலைமுறை கடந்து குரல் கொடுத்து, 2024இல் அதைத் தொடங்கிவைக்கச் செய்த மண் இது. நொய்யல் குளங்களைத் தூர்வார மண்வெட்டியோடு இறங்கிய ஊர் இது. தண்ணீருக்குச் சேர்ந்த ஊர், சோற்றுக்கும் சேர முடியும்.

வேண்டாம் என்பதற்கும் வழி

ரேஷன் அரிசி வேண்டாதவர்களுக்கு நேர்மையான வழி இருக்கிறது. துறையின் இணையதளம் வழியாகப் பொருட்களை விட்டுக்கொடுக்கலாம். கார்டு அப்படியே இருக்கும். பின்னாளில் தேவை வந்தால் கேட்டுப் பெறலாம். வசதியுள்ள கொங்குக் குடும்பங்கள் இதில் முன்னுதாரணமாக நிற்க வேண்டும். தொழில் நொடித்துப்போவதை இந்த மண் அறியும். இன்று விட்டுக்கொடுப்பவர் நாளை வரிசைக்கு வரலாம், அதில் தலைகுனிவு ஏதும் இல்லை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மக்கள் அரிசியை ஒதுக்குவதற்குத் தரமும் ஒரு காரணம், உணவுப் பழக்கமும் ஒரு காரணம். கம்பும் ராகியும் சோளமும் விளைந்த புன்செய் நிலம் இது. 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசிக்குப் பதிலாக மாதம் இரண்டு கிலோ ராகி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களுக்கும் அதை விரிவாக்கினால், இங்குள்ள விவசாயிக்குக் கொள்முதல் கிடைக்கும். களி கிண்டும் வீட்டுக்குத் தானியம் கிடைக்கும். சாப்பிடும் பொருளை யாரும் விற்பதில்லை.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது பில்லில் விழும் ஒவ்வொரு பொருளையும் வாயால் சொல்லிக் கேட்போம். வாங்காதது விழுந்திருந்தால் அங்கேயே நீக்கச் சொல்வோம். நீக்காவிட்டால் புகார் செய்வோம். வாசலுக்கு அரிசி கேட்டு வருபவரிடம் இல்லை என்போம். ரேகை விழாமல் நிற்கும் முதியவர் பொருள் வாங்கும்வரை கூட நிற்போம். அப்படி நடந்துகொண்டால், எல்லோருக்குமான ரேஷன் வீண் என்று சொல்பவருக்குக் காட்ட நம் கையில் உண்மையான கணக்கு இருக்கும்.